முப்பது நாள் வெறும் தண்ணீர்

கடல் மீன் தொட்டி வியாபாரத்தில் மீனை விற்பது பெரிய வித்தையே இல்லை. ஆசையாக வந்து நிற்கிறவரிடம் "இன்றைக்கு மீன் கிடையாது, ஒரு மாதம் கழித்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் இருப்பதுதான் வித்தை.

பதினெட்டு வருஷம் அந்த வித்தையைச் செய்தவன் நான். சொந்த ஊர் நாகர்கோவில். கடை, திருவனந்தபுரத்தில் கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் ஆயுர்வேத மருந்துக் கடைக்கும் நடுவே. பல் டாக்டர்கள், டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்கள், பாட்டு வாத்தியார்கள், இன்னும் "நான் அப்பவே சொன்னேனே" என்று தினமும் நாலு பேரிடமாவது சொல்லிப் பிழைக்கிற எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

விஷயம் இதுதான். புதுத் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி அன்றைக்கே மீனை விட்டால் மீன் சாகும். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகிறது. அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருக ஒரு மாதம் வேண்டும். பாலில் உறை ஊற்றிவிட்டு அடுத்த நிமிஷம் தயிர் எங்கே என்று யாராவது கேட்பார்களா? என் கடையில் கேட்பார்கள். அதனால் சுவரில் மலையாளத்திலும் தமிழிலும் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன்: "முப்பது நாள் வெறும் தண்ணீர். பிறகுதான் மீன்."

இந்த வருஷம் விஷு முடிந்த கையோடு கட்டடத்துக்காரர் வந்தார். இடித்துக் கட்டப் போகிறேன், ஓணத்துக்குள் காலி செய்து கொடு என்றார். கடையை மூடிவிட்டு வீடு வீடாகப் போய்த் தொட்டி பராமரிக்கும் வேலையை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். இருந்த மீன்களைக் கொல்லம் ஊர் வியாபாரி ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். ஒரு ஜோடியை மட்டும் நான் கொடுக்கவில்லை. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கிளவுன் மீன்கள். ஆறு வருஷமாகக் கல்லாவுக்குப் பக்கத்துத் தொட்டியில் ஒன்றாக இருந்தவை. பெண் பெரிது, ஆண் சிறிது. ஆண் ஒரு நிமிஷம் கண்ணில் படாவிட்டால் பெண் தொட்டி முழுக்கத் தேடும். வியாபாரி கையில் போனால் முதல் வேலையாக இரண்டையும் பிரித்து இரண்டு கடைக்கு அனுப்பிவிடுவார். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே இன்னொரு நோட்டீஸ் ஒட்டினேன். முப்பது நாள் ஒழுங்காகத் தண்ணீர் ஓடிய தொட்டியை யார் எனக்குக் காட்டுகிறார்களோ, அவர்களுக்கு இந்த ஜோடி இலவசம். அதில் கடைசி வார்த்தையை மட்டும்தான் ஊர் படித்தது. அந்த நாலு மாதத்தில் நான் ஏறி இறங்கிய வீடுகளின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். வரிசை முன்னே பின்னே இருக்கும். கோபத்தில் வரிசை நிற்காது.

முதலில் என் வீடு

"உன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளேன்" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் வைத்தேன். நாங்கள் இருப்பது வாடகை மாடி. தொட்டியின் மூலை ஒட்டு விட்டு, நானும் மனைவியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் எண்பது லிட்டர் உப்புத் தண்ணீர் கீழே இறங்கியது. நேரே வீட்டுக்காரருடைய கட்டிலில். புது மெத்தை வேறு. நாங்கள் வந்து சேர்ந்தபோது மனுஷர் உள்ளங்கையை நக்கிப் பார்த்துக்கொண்டு படிக்கட்டில் நின்றார்.

தப்பு என் மேல்தான். மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் கறிவேப்பிலைக் கிண்ணத்தைவிடப் பெரிய பாத்திரத்தில் நான் தண்ணீர் வைக்கக்கூடாது என்று உத்தரவு. அவர் அன்றைக்குச் சொன்னது இது: "மழை ஒழுகினா பொறுத்துக்கலாம் சாரே. உப்பு மழை ஒழுகினா எப்படிப் பொறுக்கும்?"

கல்லுப்பு

முதலில் வந்தவர் பூஜப்புரையைச் சேர்ந்த ஒரு பேங்க் அதிகாரி. மொபைலில் தொட்டியின் படத்தைக் காட்டினார். தண்ணீர் கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. எந்த உப்பு போட்டீர்கள் என்று கேட்டேன். சாம்பாருக்குப் போடுகிற கல்லுப்பு, நான்கு கிலோ என்றார். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. கடல் என்பது உப்பைக் கரைத்த தண்ணீர் இல்லை, அதில் சுண்ணாம்புச் சத்திலிருந்து இன்னும் எத்தனையோ சமாசாரம் கலந்திருக்கிறது, அதற்கென்று தனி உப்பு விற்கிறது என்று கால் மணி நேரம் விளக்கினேன்.

இதே மனுஷரின் பேங்கில் போன மாதம் என் கையெழுத்தின் வால் கொஞ்சம் நீண்டுவிட்டது என்று செக்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். கையெழுத்தில் வால் நீளக்கூடாதாம், கடலில் மட்டும் எந்த உப்பையும் போடலாமாம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "உப்பு உப்புதானே சேட்டா? கடல்ல என்ன, வேற கம்பெனி உப்பா போட்டிருக்கு?"

வாவு பலித் தண்ணீர்

அடுத்தவர் அனில், வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரிகளை மேய்க்கிற சூப்பர்வைசர். பாக்கெட் உப்பே வேண்டாம், கடலையே கொண்டுவருகிறேன் என்று கிளம்பினார். எண்ணம் தப்பில்லை. நல்ல கோடையில், கரையை விட்டுத் தள்ளி, தெளிந்த தண்ணீர் எடுத்தால் நானே ஒத்துக்கொள்வேன். அனில் போன நாள் ஆடி அமாவாசை, இந்த ஊர்க் கணக்கில் கர்க்கடக வாவு. சங்குமுகம் கடற்கரையில் நகரமே நின்று முன்னோர்களுக்குப் பலி போடுகிற நாள். அவரும் அப்பாவுக்குப் பலி போட்டுவிட்டு, ஈர வேட்டியோடு, வருகிற வழிதானே என்று நாலு கேன் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

நான் போய்ப் பார்த்தபோது தொட்டியின் மேல்மட்டத்தில் எள் மிதந்தது. அடியில் சோற்றுப் பருக்கை. ஒரு தர்ப்பை, பம்பின் வாயில் மாட்டிக்கொண்டு துடித்துக்கொண்டிருந்தது. பருவமழைக் கலங்கல் வேறு, மணலே தெரியவில்லை. சோறு அழுகினால் தண்ணீர், இந்த ஊர்ப் பேச்சில் வெள்ளம், விஷம் என்றேன். அனில் என்னை, ஏதோ கோயில் வாசலில் செருப்போடு நிற்கிறவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஊர் முழுக்க முன்னோர்கள் வந்து நின்ன வெள்ளம் சேட்டா, அதுல எப்படி மீனு சாகும்?"

ரோஸ் நிறம்

உப்புத் தொட்டியில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆகவே குறைகிற அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் சரசம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் நோட்டில் எழுதிக்கொண்டார். இவர் தேறிவிடுவார் என்று நம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல?

இருபதாம் நாள் போனேன். தண்ணீர் ரோஸ், மணல் ரோஸ், கல் ரோஸ். திருவனந்தபுரத்து ஓட்டலில் ஒரு வேளை சாப்பிட்டவர்களுக்குக்கூடத் தெரியும், டம்ளரில் வெதுவெதுப்பாக இளஞ்சிவப்பில் ஒரு தண்ணீர் வைப்பார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சியது. டீச்சர் வீட்டில் குடிக்க அதுதான். தினமும் இரண்டு டம்ளர் ஆறவைத்துத் தொட்டிக்கும் ஊற்றியிருக்கிறார். நான் "நல்ல தண்ணி" என்றுதானே சொன்னேன், அவருக்குத் தெரிந்த நல்ல தண்ணீர் அதுதான். ஏன் டீச்சர் இப்படி என்று கேட்டதற்கு அவருக்குத்தான் கோபம் வந்தது. "காய்ச்சாத வெள்ளம் எங்க வீட்டுல நாய்க்குக்கூடக் கொடுக்க மாட்டோம், கேட்டோ!"

செம்புக் குடம்

கழக்கூட்டம் பகுதியில் ஒன்பதாவது மாடி. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்த் தம்பதி. தொட்டியின் சூடு, உப்பின் அளவு எல்லாம் அவர்கள் மொபைலில் கோடு கோடாக ஓடியது. முப்பத்து நான்கு நாள் பொறுத்திருந்தார்கள். சோதனைக்கு நான் கொடுத்த இரண்டு இறாலும் ஆறு நத்தையும் ஒரு வாரமாக ஜம்மென்று உலாவின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜோடிக்கு வீடு கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு மனைவியிடம் சொல்லிப் பாயசம் வைக்கச் சொன்னேன்.

நாலு நாள் கழித்து ஜோடியைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே போனால் இறால் இரண்டும் மல்லாந்து கிடக்கின்றன. நத்தைகள் ஓட்டைவிட்டு வெளியே தொங்குகின்றன. உப்பு சரி, சூடு சரி, எதை அளந்தாலும் சரி. தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் இடுப்பில் ஒரு குடத்தோடு வந்து, தொட்டியில் குறைந்திருந்த தண்ணீரைச் சரிக்கட்ட ஊற்ற ஆரம்பித்தார். பளபளவென்று துலக்கிய செம்புக் குடம்.

ராத்திரி முழுக்கச் செம்பில் வைத்த தண்ணீர் உடம்புக்கு நல்லதாம். சுத்திகரிக்கும் மிஷின் ரிப்பேர் ஆனதால் அந்த நாலு நாளும் தொட்டிக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். செம்பு துளி கரைந்தால் போதும், இறாலும் நத்தையும் பிழைக்காது. மீன் ஒருவேளை தாங்கும். ஒருவேளையை நம்பி என் ஜோடியை விட முடியுமா? பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினேன். கணவர் லிஃப்ட் வரைக்கும் கூட வந்தார். "நாங்க ரெண்டு பேரும் மூணு வருஷமா இதையேதானுங்க அண்ணா குடிக்கிறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களே?"

ஏகாதசி

வலியசாலை அக்ரஹாரத்தில் கணபதி மாமா என்று ஒருவர். ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாங்கம் பார்த்து ஆரம்பித்து, முப்பத்தோராம் நாள்தான் என்னைக் கூப்பிட்டார். தொட்டி சுத்தமாக இருந்தது. எடுத்த எடுப்பில் ஜோடியைக் கொடுக்காமல், செம்புக் குடத்தில் சூடுபட்டவனாக, முதலில் வெளியே வாங்கிய இரண்டு சின்ன நீல மீனை வெள்ளோட்டம் விட்டேன். பதினைந்து நாள் கழித்துப் போனால் இரண்டும் பிளேடு கனத்துக்கு இளைத்திருந்தன. தின்னக் கொடுத்தது தயிர்சாதமாம். மாறுதலுக்கு ஊறவைத்த அவல். ஏகாதசியன்று ஒன்றும் கிடையாது, வீட்டில் எல்லோருக்கும் போல.

நான் கொடுத்த தீவன டப்பா எங்கே என்றேன். அதன் மேல் எழுதியிருந்ததை மாமி படித்துவிட்டார். மீன் தூளும் இறால் தூளும் கலந்தது என்று போட்டிருந்ததாம், அன்றைக்கே அது தெருமுனைக் குப்பைக்குப் போய்விட்டது. அவர்கள் ஆசாரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரவர் வீடு, அவரவர் அடுப்பு. ஆனால் மாமிசம் தின்கிற ஜீவனை வலியக் கூட்டிக்கொண்டு வந்து அதற்கு ஏகாதசி வைப்பது என்ன நியாயம்? அது பட்டினியில் சாகும் மாமி என்று குரலை உயர்த்தியே சொன்னேன். பெங்களூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த மருமகள் சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமி ஒன்றும் அசரவில்லை. "எங்காத்துக்கு வந்தவா எல்லாரும் எங்க சாப்பாட்டுக்குப் பழகினவாதான், ரெண்டு மாசம் போனா அதுவும் பழகிடும்."

பெண் பார்க்கும் படலம்

சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி, சொன்னதைத் தட்டாதவர். இரண்டடித் தொட்டி. இருபத்தெட்டாம் நாள் வரைக்கும் ஒரு குற்றமில்லை. கல்லில் பழுப்பாகப் பாசி படர ஆரம்பித்திருந்தது. எங்கள் தொழிலில் அதைப் பார்ப்பது, வயலில் முதல் பச்சையைப் பார்ப்பது மாதிரி. இன்னும் இரண்டு நாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போனால் தொட்டி ஷோரூம் மாதிரி மின்னுகிறது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வீட்டைக் கழுவியிருக்கிறார்கள். கழுவுகிற வேகத்தில் தொட்டியையும் விடவில்லை. மணலை வெந்நீரில் அலசி மொட்டை மாடியில் வெயிலில் காயப்போட்டார்களாம். கல்லுக்கு பிளீச்சிங் பவுடர். கண்ணாடிக்கு பாத்திரம் விளக்குகிற சோப்பு. பாத்திரக்கடை வீடு அல்லவா, கை நன்றாகப் பழகியிருக்கிறது. மாதம் முழுக்கப் பார்த்துப் பார்த்துக் குடியேற்றிய கிருமிகள் ஒன்று மிச்சமில்லாமல் சாக்கடைக்குப் போய்விட்டன. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி எனக்கு மோர் கொடுத்து ஆறுதல் சொல்வதுபோலச் சொன்னார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரவ வந்து பாசி புடிச்ச தொட்டியப் பாத்தா, பொண்ண வளத்த லட்சணமும் இப்பிடித்தான்னு நினைக்க மாட்டாவளா?"

செல்வி எண்ணிய தாள்கள்

அந்த வீட்டில் கல்யாணம் நிச்சயமானது. கல்யாண அலைச்சலில் தொட்டியை யாரும் சீந்தவில்லை. வராந்தாவில் கிடந்த அதை எடுத்துப் போனவள் செல்வி. வலியசாலையில் ஒரு சந்து முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். புருஷன் தம்பானூரில் ஒரு ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். அண்ணாச்சி வீட்டுத் துணிகளுக்கும் இவள்தான் இஸ்திரி. நாளெல்லாம் கரிப்பெட்டிச் சூட்டில் நிற்கிறவளுக்கு, துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தத் தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிற்பது வழக்கமாம்.

என் கடைக்கு வந்து செல்வி என்னிடம் கேட்ட முதல் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அண்ணாச்சி, மீனு இப்ப வேண்டாம். மீனு வாங்குததுக்கு முன்னால என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க." பதினெட்டு வருஷத்தில் ஒருத்தர் இப்படிக் கேட்டதில்லை. ஓணத்துக்கு அப்போது முப்பத்தெட்டு நாள் இருந்தது. சோப்பு வாசனை போக ஒரு வாரம் தொட்டியை ஊறப்போட்டுக் கழுவினோம். உப்பு, புது மணல், என் தொட்டியிலிருந்தே இரண்டு கல், எல்லாம் கொடுத்தேன். மீனில்லாத தொட்டியில் தினம் ஒரு சிட்டிகை தீவனம் போட வேண்டும், அது அழுகித்தான் கிருமிக்குச் சாப்பாடு. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து மருந்துச் சொட்டு விட்டால், மஞ்சள் வந்தால் நல்லது, பச்சை வந்தால் விஷம். இதையெல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொடுத்தேன். மற்ற வீடுகளில் பட்ட ஆத்திரத்தில், கடைசியில் ஒரு வரியை அடிக்கோடிட்டேன்: "யார் சொன்னாலும் முப்பது நாளுக்கு முன்னால் மீன் விடக்கூடாது." செல்வி தினமும் காலண்டரில் கிழித்த தாளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள்.

கணக்குப்படி ஓணத்துக்கு முந்தின நாள் ஜோடி அங்கே போயிருக்க வேண்டும். ஆனால் செல்வியின் இருபத்திரண்டாம் நாள் காலையில் கட்டடத்துக்காரர் வந்து நின்றார். இடிக்கிறவர்கள் முன்னாடியே வருகிறார்களாம், மத்தியானம் கரண்டைத் துண்டிக்கப் போகிறார்களாம். பேசிய நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்றேன். கத்தினேன். மனுஷர் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாவிட்டால் பம்ப் இல்லை, பம்ப் இல்லாவிட்டால் ஜோடி இல்லை.

அப்போது என் மண்டையில் ஓடியதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். செல்வியிடம் இருப்பது கிருமி ஏற்கெனவே குடியேறிய என் தொட்டிக் கல். மற்றவர்களுக்குத்தான் முப்பது நாள், என் கல்லுக்கு இருபத்திரண்டு தாராளம். முந்தாநாள் அவள் கடைக்குக் கொண்டுவந்து காட்டிய குழாயில் இளம்பச்சை இருந்தது உண்மை, ஆனால் அது கடை விளக்கின் வெளிச்சம். செருப்பு மாட்டுகிற நேரத்துக்குள் எனக்கு நானே இத்தனையும் சொல்லி முடித்துவிட்டேன்.

ஜோடியை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் வலியசாலைக்குப் போனேன். மீன் வாளியோடு அக்ரஹாரத்துக்குள் நுழைகிறவனைப் பார்த்து ஒரு வீட்டு ஜன்னல் படக்கென்று சாத்திக்கொண்டது. செல்வி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். வண்டிக்குப் பின்னால் இருந்த தன் ஒற்றை அறைக்குள் போய், குழாயில் தண்ணீர் எடுத்து, சொட்டு விட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி ஐந்து நிமிஷம் பொறுத்து, தெருவில் வெயிலுக்குக் கொண்டுவந்து தூக்கிப் பிடித்தாள்.

"பச்சை, அண்ணாச்சி."

"லேசாத்தானே செல்வி. வெயில்ல அப்படித் தெரியும்."

"வெள்ளைச் சட்டையில டீக்கறை எது, துருக்கறை எதுன்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு இது. பச்சைதான்."

"என் கல்லு போட்டிருக்கேன்லா? இதுக்கு முப்பது நாள் வேண்டாம். நான் சொல்லுதேன்."

அவள் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து, தாள்களை வண்டியின் மேல் ஒவ்வொன்றாக வைத்து எண்ணினாள். இருபத்திரண்டு. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எனக்கே பாடமா? பதினெட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், கரண்ட் போய்விட்டது, இவை சாகும், உனக்கு ஈவு இரக்கம் இல்லையா என்று நடுத்தெருவில் நின்று கத்தினேன். கத்தும்போதே, இதையெல்லாம் என் கடையில் நின்று என்னிடம் எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்காமல் இல்லை. செல்வி வாளி மூடியை லேசாகத் திறந்து அந்த இரண்டையும் பார்த்தாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. மூடியைத் திரும்ப மூடினாள். பிறகு நான் எழுதிக்கொடுத்த தாளை என் முன்னால் விரித்தாள். "'யார் சொன்னாலும்'னு நீங்கதான எழுதியிருக்கிய, உங்களுக்கு மட்டும் வேற தாள் இருக்கா அண்ணாச்சி?"

வாளியோடு என் வாடகை மாடிக்கே போனேன். போக வேறு இடமில்லை. குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற பெரிய பிளாஸ்டிக் தொட்டியில், பாட்டரி பம்ப் போட்டு, எட்டு நாள். காலையும் மாலையும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினோம். மனைவி உப்புத் தண்ணீர் வாளியை, வீட்டுக்காரர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் கீழே இறக்கினாள். செல்வியின் குழாய் இருபத்தேழாம் நாள் வரைக்கும் பச்சையாகவே இருந்தது. அந்தத் தண்ணீரில் இரண்டு மீனின் கழிவும் சேர்ந்திருந்தால் ஜோடி ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. என் கையாலேயே கொன்றிருப்பேன். இப்போதும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

முப்பதாம் நாள் காலையில் போன் வந்தது. "மஞ்சள் அண்ணாச்சி, கொண்டாங்க" என்றாள். கொண்டுபோனேன். இன்றைக்கும் இரண்டும் அந்த ஒற்றை அறையில், ஒன்றையொன்று பிரியாமல், நன்றாக இருக்கின்றன.

பதினெட்டு வருஷத்தில் நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடந்த வாடிக்கையாளர் ஒரே ஒருத்திதான், அவளும் அதை என்னிடமே நடத்திக்காட்டி என்னை வாளியோடு திருப்பி அனுப்பினாள்.